ஓடுபவரைத் தொடரும் கண்

தானியங்கிக் குவியம், அதாவது பொருளின் தொலைவுக்கேற்ப லென்ஸைக் கருவியே நகர்த்தித் தெளிவைக் காணும் அமைப்பு, 1985இல் வெளிவந்த மினோல்ட்டா 7000 கேமராவுக்குப் பின் பரவலான புழக்கத்துக்கு வந்தது. அதன் அருமையை உணர, சிங்கப்பூரில் 1996இல் தொடங்கிய எஸ்-லீக் போட்டிகளில் உட்லண்ட்ஸ் வெலிங்டன் அணி ஆடிய உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கம் போன்றதொரு கால்பந்துத் திடலின் எல்லைக்கோடு ஏற்ற இடமாகும்.

ஒருமுறை குவிந்ததும் நின்றுவிடும் முறை அங்கே பயன்படாது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை தொலைவை அளந்துகொண்டே இருக்கும் தொடர் குவிய முறையே, பந்துடன் கேமராவை நோக்கி வரும் வீரரை, அவர் அடுத்த கணத்தில் எட்டவிருக்கும் தொலைவையும் கணித்துப் பின்தொடர்கிறது. ஒற்றைப் புள்ளியோடு அதனைச் சூழ்ந்த சில புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளும் சிறு பரப்பு, குறி வீரரின் மார்பிலிருந்து சற்று விலகினாலும், பின்னாலுள்ள இருக்கைகளுக்குக் குவியம் தாவிவிடாமல் காக்கிறது.

தற்காப்பு வீரர் குறுக்கே பாயும்போது, தொடரும் உணர்திறனைக் குறைத்து வைத்த கேமரா, அவசரப்பட்டு அவரைப் பற்றாமல் கணப்பொழுது பொறுத்திருந்து, மீண்டும் வெளிப்படும் முதல் வீரரையே பிடித்துக்கொள்கிறது. நொடியில் 1000இல் ஒரு பங்கு மட்டுமே திறக்கும் திரை அசைவை உறையவைக்க, பந்தின்மீது பதிந்த விழிகள் படத்தில் துலங்குகின்றன. கருவிக்கும் பொறுமையைக் கற்பித்த இந்நுட்பம் என்றும் போற்றத்தக்கது.