மலைக்குத் தேனிலவு, தீவுக்கு நேர்த்தி

1970களில் ஐரோப்பியப் புதுத் தம்பதிகள் இலங்கையின் பென்தோட்டைக் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, அதே தீவில் பிறந்த யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் கம்பளிச் சட்டை இரவல் கேட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேனிலவு என்றால் நுவரெலியாதான். யாழ்தேவி ரயிலில் போய், பொல்காவலையில் பதுளை வண்டிக்கு மாறி, நானுஓயாவில் இறங்க வேண்டும். தமிழ்நாட்டார் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி ஊட்டிக்குப் போனார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. வெயிலுக்குத் தப்ப வெள்ளைக்காரன் வளர்த்த ஊர்களை இரு கரையாரும் காதலுக்கு எடுத்துக்கொண்டோம்.

தீவுகளுக்கும் போனோம், ஆனால் நேர்த்திக்கு. இங்கே குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம். அங்கே பாம்பன் பாலம் கடந்து இராமேஸ்வரத்துக்கு. கேட்பது பிள்ளை வரம். துணைக்கு மாமியாரும் வருவார்.

போன இடங்கள் இப்படி ஒத்திருந்தாலும், போனதன் காரணம் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். மறுவீடு, உறவுக்காரர் வீட்டு விருந்துகள் என்று முதல் மாதம் ஓடிவிடும். ஆடி பிறந்தால் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் படுத்துறங்கும் கூட்டுக் குடும்பத்தில் புருஷனோடு நாலு வார்த்தை பேச இடமேது? ஊட்டிக்குப் போய்வந்த ஒரு மதுரைக்கார அம்மா சொன்னார்: "ஏரி, பூங்கா எதுவும் நெனப்பில்ல. யாரும் கூப்பிடாம விடிஞ்சுச்சு பாருங்க, அதுதான் இன்னிக்கும் நிக்கிது."

1961இல் வந்த ஸ்ரீதரின் 'தேனிலவு' படம் காஷ்மீரில் எடுக்கப்பட்டது. அதில் தங்கவேலு இரண்டாம் தாரத்தோடு தேனிலவுக்குப் புறப்படும்போது வயதுவந்த மகளையும் கூட்டிக்கொண்டு போவார். நகைச்சுவை என்று சிரித்தோம். உண்மைக்கு அதிகம் தள்ளி இல்லை.

யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைதான் பெரும்பாலும் பெண் பக்கம் வருகிறார். கால்மாறி அவர் வீட்டுக்குப் போய்ச் சடங்கு முடிந்ததும், இருவரும் திரும்புவது பெண்ணின் ஊருக்கு. சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி சீதனம் மனைவியின் சொத்து. கணவன் தன் பாட்டுக்கு விற்க முடியாது. வீடு கட்டி முடியாத குடும்பங்களில் தாய்வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்குவார்கள். என் சின்னம்மாவிடம் நுவரெலியாவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "எங்கட வீட்டில எங்களை ஆர் கலைச்சது, மலைக்கு ஓட?" என்பார். யாழ்ப்பாணத்தில் தேனிலவு வசதி படைத்தவர்களின், கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களின் சுற்றுலா. தனிமைக்கான தவிப்பு அதில் குறைவு.

இதனால் யாழ்ப்பாண முறையே மேல் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டுக்குப் பின்னால் தகப்பனின் கடன் இருந்தது. தங்கைமாரைக் கரைசேர்க்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு நரைத்த அண்ணன்மார் இருந்தார்கள். பெண்ணுக்குக் கிடைத்த தனி அறைக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். ஊட்டி அறைக்கு நாலு நாள் வாடகையோடு போயிற்று.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்த் தம்பதிகள் தெற்கே போகப் பயந்தார்கள். 1990இல் யாழ்ப்பாண ரயிலே நின்றது. மீண்டும் ஓடியது 2014இல். வலிகாமம் வடக்கில் பல சீதன வீடுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அந்த ஆண்டுகளில் கல்யாணம் முடித்தவர்களிடம் தேனிலவு பற்றிக் கேட்பது கொடுமை.

இப்போது சென்னைத் தம்பதி மாலத்தீவுக்கும் பென்தோட்டைக்கும் பறக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே வாடகைக்குப் பிடித்த அடுக்குமாடி வீட்டில் அவர்கள் இருவர்தான். தனிமைக்காக இனி யாரும் போக வேண்டியதில்லை. ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டே போகலாம்.