இரட்டையர் என்றொரு சொல்

எங்கள் ஊர்ப்பக்கம் பேட்மிண்டன் என்று யாரும் சொல்வதில்லை. ஷட்டில்தான். செய்தித்தாள் அதை இறகுப்பந்து என்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் சில நேரம் பூப்பந்து என்று எழுதி, ஐந்து பேர் ஆடும் கம்பளிப் பந்து ஆட்டத்தோடு குழப்பிவிடுகின்றன. அந்தக் குழப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை நெருடுவது இன்னொரு சொல்: இரட்டையர்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பேருந்து ஏறி வந்து என்னிடம் தமிழ் படித்த இரண்டு பெண்கள், கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் ஷட்டில் இரட்டையர் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார்கள். ஜோடிக்கு ஒன்றாக ஒரே ஒரு சான்றிதழ். அதில் பெயருக்கென்று விட்டிருந்த கோடும் ஒன்றுதான். ஒருத்தியின் பெயரை முழுதாக எழுதியவர்கள், இடம் போதாமல் பக்கத்தில் ‘மற்றும் ஒருவர்’ என்று முடித்திருந்தார்கள். அந்த மற்றும் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று, “நான் இதை ஜெராக்ஸ் எடுத்து வேலைக்கு வைக்க முடியுமா மேடம்?” என்று கேட்டாள். அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதன் பிறகுதான் அஸ்வினி பொன்னப்பாவின் ஆட்ட வாழ்க்கையை, ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வரிசையாக வாசிக்கத் தொடங்கினேன். 2010 காமன்வெல்த் தங்கத்திலிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை பதினான்கு ஆண்டுகள், மூன்று ஒலிம்பிக். ஜுவாலா கட்டா, சிக்கி ரெட்டி, தனிஷா க்ராஸ்டோ என்று பெண்கள் இரட்டையரில் மூன்று முக்கியத் துணைகள். இத்தனை நீண்ட பயணத்தை எழுதுவதற்கு நம் விளையாட்டுப் பக்கங்களிடம் மொழி இல்லை என்பது படிக்கப் படிக்கத் தெளிவாயிற்று.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். 2010 அக்டோபர் 14, தில்லி. காமன்வெல்த் போட்டிகளின் கடைசி நாள். ஜுவாலாவும் அஸ்வினியும் சிங்கப்பூர் ஜோடியை வென்று தங்கம் பெற்றார்கள். அதே நாளில் சாய்னா நேவால் ஒற்றையர் தங்கம் வென்றார். இந்தியா 38 தங்கம், இங்கிலாந்து 37. சாய்னாவின் தங்கம் இந்தியாவை இரண்டாமிடத்துக்குக் கொண்டுபோனது என்பதுதான் எல்லோருக்கும் நினைவில் இருக்கும் கதை. அதில் பொய்யில்லை. ஆனால் அந்த 38-ல் எந்த ஒன்றை உருவினாலும் இரண்டாமிடம் போயிருக்கும். கடைசியாக வந்த தங்கத்துக்குக் கதை கிடைத்தது, அதே நாளில் வந்த மற்றொன்று எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டு, 2011 ஆகஸ்டில், லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இருவரும் வெண்கலம் பெற்றார்கள். அதற்கு முன் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு இருந்தது ஒரே ஒரு பதக்கம், 1983-ல் பிரகாஷ் படுகோனே பெற்ற வெண்கலம். ஆக, இந்த விளையாட்டில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் உலக சாம்பியன்ஷிப் பதக்கம் இரட்டையருடையது. சிந்துவின் முதல் பதக்கம் 2013-ல்தான் வருகிறது, சாய்னாவுடையது 2015-ல். இதை வகுப்பில் கேட்டுப்பார்த்தேன். அறுபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் சில மாதங்களுக்கு முன்புவரை தெரியாது.

ஏன் இப்படி? ஆட்டத்தைக் கொஞ்சம் பார்த்தால் புரியும். தாக்கும்போது இரட்டையரில் ஒருவர் வலையருகே நிற்பார், மற்றவர் பின்னால். வலையருகே நிற்பவர் இறகை எதிராளி உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடிக்குக் கொண்டுவருவார். உயர்ந்து வந்த இறகைப் பின்னால் இருப்பவர் ஓங்கி அடிப்பார். தொலைக்காட்சி மறுபடி மறுபடி காட்டுவது அந்த அடியை. அதற்கு இரண்டு வீச்சுக்கு முன்னால் வலையோரத்தில் நடந்த வேலை மறுஒளிபரப்பில் வராது. ஜுவாலா இடதுகைக்காரர், வலையருகே கை வேகம் கொண்டவர். அஸ்வினியின் பலம் பின்களத்து ஸ்மாஷ். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் பாடம். பார்த்தால் இறகு கண்ணில் படும், அரை நொடியும் போகும். முதுகுக்குப் பின்னால் அவள் எங்கே நிற்கிறாள் என்பதைக் காதாலும் பழக்கத்தாலும் அறிந்து, அதற்கேற்ப இடம் விட்டு நகர வேண்டும். இந்த நகர்தலுக்குப் புள்ளி கிடையாது. அது நடக்காவிட்டால் புள்ளியே கிடையாது.

சமையலறையையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றி நாம் இத்தனை காலம் எழுதிவந்ததை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்தத் தோன்றும். தோன்றியது. எழுதிய அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். வலையருகே நிற்பவள் யாருக்கும் தொண்டு செய்யவில்லை, தன் வேலையைச் செய்கிறாள். ஸ்மாஷ் அடிப்பவளும் அப்படியே. இவர்களைச் சகோதரிகள் என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் இருவர் சேர்ந்து ஒரு தொழிலைத் திறம்படச் செய்தால், அதற்கு உடனே ஓர் உறவுப் பெயர் சூட்டிவிடும் பழக்கம் பெண்ணியம் பேசும் நம்மிடமும் இருக்கிறது. இரண்டு தச்சர்கள் சேர்ந்து கதவு செய்தால் யாராவது அண்ணன் தம்பி என்றா எழுதுகிறார்கள்?

இரட்டையர் என்ற சொல் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஏற்கெனவே இருக்கிறது. இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற இரட்டைப் புலவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனதாகவும், வெண்பாவின் முன்பாதியை ஒருவர் சொல்லப் பின்பாதியை மற்றவர் முடித்ததாகவும் மரபு சொல்கிறது. தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா இவர்கள் பாடியவை. நூல் ஒன்று, ஆசிரியர் இருவர், இருவருக்கும் பெயர் உண்டு. தமிழுக்கு இது சிரமமாகவே இருக்கவில்லை. ஔவையைப் பாருங்கள். சங்கப் பாடல்களின் ஔவை வேறு, ஆத்திசூடியின் ஔவை வேறு என்று வகுப்பில் நாங்கள் சொல்லித்தருகிறோம். பல நூற்றாண்டுகளில் எழுதிய பல பெண்கள் சேர்ந்து, கோலூன்றிய ஒரே கிழவியாகிவிட்டார்கள். ஆண்கள் இருவர் என்றால் இருவராகவே நிற்கிறார்கள். பெண்கள் பலர் என்றாலும் ஒருத்தியாகிவிடுகிறார்கள். ‘மற்றும் ஒருவர்’ என்று சான்றிதழில் எழுதிய கை புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

2011-ல் இன்னொன்றும் நடந்தது. பெரிய போட்டிகளில் பெண்கள் குட்டைப்பாவாடையோ கவுனோ அணிந்துதான் ஆடவேண்டும் என்று உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. ஆட்டம் பார்க்கக் கவர்ச்சியாக இருந்தால் விளம்பரதாரர்கள் வருவார்கள் என்பது காரணம். எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்து, அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். பெண்களின் ஆட்டம் விற்கவில்லை என்றால் ஆட்டத்தைக் காட்டும் விதத்தை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடையை மாற்றத்தான் தோன்றியது.

2012 லண்டன் ஒலிம்பிக் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது தனியாக எழுதவேண்டிய கதை. ஜுவாலாவும் அஸ்வினியும் பிரிவு ஆட்டங்கள் மூன்றில் இரண்டை வென்றார்கள். ஜப்பான், சீனத் தைபே ஜோடிகளும் இரண்டிரண்டு வென்றிருந்தன. புள்ளிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி குறைந்து இந்தியா வெளியேறியது. ஜப்பான் – தைபே ஆட்டம் பற்றி இந்தியா கொடுத்த புகார் தள்ளப்பட்டது. அதே பெண்கள் இரட்டையர் பிரிவில், காலிறுதியில் வசதியான எதிராளி கிடைப்பதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதாக, சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவின் நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. அந்த ஒலிம்பிக்கில் உலகமே பெண்கள் இரட்டையர் பக்கம் திரும்பிப் பார்த்தது அந்த அவமானத்துக்காகத்தான்.

அதற்கடுத்த ஆண்டு நடந்ததை மட்டும் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அங்கே மதிப்பு ரூபாயிலும் டாலரிலும் சொல்லப்பட்டது. 2013-ல் இந்தியன் பேட்மிண்டன் லீக் தொடங்கியபோது, நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஆறு பேரில் ஜுவாலாவும் அஸ்வினியும் உண்டு. அடிப்படை விலை 50,000 டாலர். பிறகு, பெண்கள் இரட்டையர் ஆட்டத்தையே போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஆட்டம் இல்லாதபோது ஆட்டக்காரர்களின் தேவை குறைந்துவிட்டது என்று ஏலத்தில் அவர்கள் விலையைப் பாதியாக்கினார்கள். இருவரும் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகுதான், குறைந்த தொகையை ஈடுசெய்வதாகச் சொன்னார்கள். முதலில் வேலையை எடுத்துவிடுவது, பிறகு உனக்குத்தான் வேலையே இல்லையே என்று கூலியைக் குறைப்பது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் எந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லிப்பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

அந்த லீக்கில் ஓர் ஆட்டம் தாமதமானது தொடர்பாக, ஜுவாலாவுக்கு வாழ்நாள் தடை விதிக்கலாம் என்று இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு பரிந்துரைத்தது. அவர் தில்லி உயர் நீதிமன்றம் போய்த்தான் ஆட அனுமதி பெற்றார். செய்திகளில் அவர் பெயரோடு ‘சர்ச்சை’ என்ற சொல் அடைமொழிபோல் ஒட்டிக்கொண்டது. தாய் சீனர் என்பதைச் சொல்லித் தன்னை இழிவு செய்தவர்களைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். இதில் நான் கவனித்தது: ஜுவாலா பேசினால் சர்ச்சை, அஸ்வினி பேசாவிட்டால் அடக்கம். இருவர் ஆடிய ஆட்டத்தை ஒரு வாயாடிக்கும் ஓர் அமைதிக்காரிக்குமான நாடகமாக எழுதிவிட்டால், ஆட்டத்தை எழுதவேண்டிய வேலை மிச்சம்.

2014 கிளாஸ்கோவில் வெள்ளி, அதே ஆண்டு தில்லியில் உபர் கோப்பை வெண்கலம். ரியோவோடு அந்த ஜோடி முடிந்தது.

இரட்டையர் ஆட்டக்காரியின் தொழிலில் மிகக் கடுமையான இடம் இதுதான். தரவரிசை ஆளுக்குக் கிடையாது, ஜோடிக்கு. ஜோடி பிரிந்தால் சேர்த்த புள்ளிகளும் அந்த ஜோடியின் பெயரிலேயே நின்றுபோகும். புதிய துணையோடு சிறிய போட்டிகளிலிருந்து மறுபடி ஏறிவர வேண்டும். அஸ்வினி இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். சிக்கி ரெட்டியோடு 2018 காமன்வெல்த் வெண்கலம். அதற்குப் பிறகு, தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவரான தனிஷாவோடு இன்னொரு தொடக்கம். தில்லியில் அஸ்வினி தங்கம் வாங்கியபோது தனிஷாவுக்கு ஏழு வயது. 2023-ல் இந்த ஜோடி அபுதாபியிலும் குவாஹாட்டியிலும் பட்டம் வென்று, பாரிஸுக்குத் தகுதி பெற்றது. பாரிஸில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. இதுதான் தன் கடைசி ஒலிம்பிக் என்று கண்ணீரோடு சொன்னார் அஸ்வினி. அந்தக் கண்ணீர் பரவலாக ஒளிபரப்பானது.

அதைவிட முக்கியமானது சில நாள் கழித்து நடந்தது. அரசு வெளியிட்ட செலவுக் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. அஸ்வினி அதைப் பகிரங்கமாக மறுத்தார். 2023 நவம்பர் வரை போட்டிகளுக்குத் தன் செலவில் போனதாகவும், கேட்ட பயிற்சியாளர் கிடைக்கவில்லை என்றும், தனிப் பயிற்சியாளருக்குத் தானே சம்பளம் கொடுத்ததாகவும் சொன்னார். ‘அமைதிக்காரி’ பேசினார். சாதனைக் கணக்கில் பெயர் விடுபட்டே வந்த ஒருவரின் பெயர் செலவுக் கணக்கில் மட்டும் முழுதாக இருந்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

தமிழ்ப் பெண் யாரும் இல்லையா மேடம் என்று என் மாணவிகள் கேட்டார்கள். இருக்கிறார். மலேசியாவின் தினா முரளிதரன். பெர்லி டானோடு சேர்ந்து 2022 பர்மிங்காம் காமன்வெல்த் தங்கம். அரையிறுதியில் அவர்கள் வென்றது இந்தியாவின் ட்ரீசா ஜாலி – காயத்ரி கோபிசந்த் ஜோடியை. பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. இதைச் சொன்ன அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பதக்கத்தோடு தினா, கீழே ‘தமிழச்சிடா’. படத்தின் ஓரத்தில் இன்னொருவரின் தோள் மட்டும் தெரிந்தது. பெர்லியை வெட்டிவிட்டிருந்தார்கள். அனுப்பியவள் யாரென்று பார்த்தேன். மற்றும் ஒருவர் என்று எழுதப்பட்ட அதே பெண்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஃபார்வர்டில் வந்தது மேடம், கவனிக்கவில்லை என்றாள். பிறகு தன் அம்மா பட்டறையில் செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பாதி அச்சைச் சேர்த்துத்தான் பீங்கான் பொம்மை வார்ப்பார்களாம். அச்சைப் பிரித்ததும் பொம்மையின் விலாவில் ஒரு கோடு நிற்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடே தெரியாமல் ஆக்குவது அம்மாவின் வேலை. கோடு தெரிந்தால் அது செகண்ட்ஸ், விலை பாதி. “நானும் அதைத்தான் செஞ்சிருக்கேன்ல மேடம்” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அவளுடைய பழைய துணைக்கு மூன்றாம் பருவம் முடிந்ததும் திருமணமாகிவிட்டது. படிப்பை விட்டுவிட்டாள். ஒற்றையர் ஆடு என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்லிப்பார்த்திருக்கிறார். எனக்கு அது வராது சார், எனக்குத் தெரிந்தது இதுதான் என்று மறுத்துவிட்டாள். இப்போது முதலாண்டில் படிக்கும் ஒரு பெண்ணோடு ஆடுகிறாள். வந்தவள் இடதுகைக்காரி, அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாள். நடுவில் வரும் இறகை யார் எடுப்பதென்று இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் மட்டையோடு மட்டை மோதி ஒன்று உடைந்தது. யாருடையது உடைந்தது என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில், “எங்களோடது” என்றார்கள்.