ஓடாத டாங்கியில் பூசிய சேறு

ஜேர்மனியரின் ‘விர்பெல்விண்ட்’ விமான எதிர்ப்பு டாங்கியின் கோபுரத் தகடு 16 மில்லிமீட்டர் தடிப்பு. 1/35 அளவு மாதிரியில் அது அரை மில்லிமீட்டர்கூட வராது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கோ அதைவிட நன்றாகவே மொத்தம். கூரை இல்லாத கோபுரம், ஆகவே விளிம்பின் மொத்தம் பார்த்தவுடனே கண்ணை உறுத்தும். கைதேர்ந்தவர்கள் துண்டுகளை ஒட்டுமுன் சாண்ட்பேப்பரில் தண்ணீர் தொட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து விளிம்பை மெலிய வைக்கிறார்கள். சற்று அழுத்தினாலும் துண்டு வளைந்துவிடும். அந்த வேலையில் இருக்கும்போதே ஓர் உண்மை உறைக்கும்: இந்தத் தகடு துப்பாக்கிச் சன்னத்தையும் சிதறல்களையும் தடுக்கும், பெரிதாக வேறொன்றையும் தடுக்காது.

பிறகு கேள்விகள் தாமாக வரும். ஏன் கூரை போடவில்லை? நான்கு 20 மி.மீ. குழல்கள் சேர்ந்து நிமிடத்துக்கு 800 குண்டுகள் அளவில் சுடும்போது உள்ளே புகை தங்கினால் ஆட்கள் இருக்க முடியாது. விமானம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்கவும் வானம் திறந்திருக்க வேண்டும். ஏன் புதிய வண்டி செய்யவில்லை? 1944இல் நோர்மண்டியில் நேச நாட்டு விமானங்கள் பகலில் லொறிகளைக்கூட நிம்மதியாக நகரவிடவில்லை. அந்த அவசரத்தில், பழுதாகித் திரும்பிய பான்சர் 4 டாங்கிகளின் உடல்மேல் இந்தக் கோபுரத்தை ஏற்றினார்கள். மாதிரி செய்பவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்வதில்லை. கை போகிற வழியில் தெரிந்துகொள்கிறார். இதை வளர்ந்தவர்களின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

திருகோணமலையில் இருந்து செய்பவருக்குக் காலநிலையும் தன் பங்குக்குப் பாடம் நடத்தும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் பெயின்ட் எயார்பிரஷின் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துவிடும். காய்வதைத் தாமதமாக்கும் திரவம் கலக்காமல் வேலை நடக்காது. மாரியில் நேர்மாறு. மழை ஈரத்தில் மெட் வார்னிஷ் அடித்தால் மேலே வெள்ளைப் புகார் படிந்து, அதுவரை செய்த நிறவேலை எல்லாம் பாழ். குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும் கலவை அளவுகளை இங்கே அப்படியே நம்ப முடியாது.

பரிசோதனை வாகனங்களுக்கு வரும்போதுதான் எனக்குச் சிக்கல். இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளை உருண்டையான மூடிய கோபுரத்துக்குள் அடக்கிய ‘குகெல்பிளிட்ஸ்’ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் முடிந்தது. 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கென்று குருப் நிறுவனம் செய்த வண்டி மூன்றே மூன்று. பாந்தர் டாங்கியின்மேல் இரட்டை 37 மி.மீ. ஏற்ற ரைன்மெற்றல் திட்டமிட்ட ‘கோலியான்’ மரத்தில் செய்த மாதிரிக் கோபுரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கும் பிளாஸ்டிக் கிட் உண்டு, பெட்டியின்மேல் அது போர்க்களத்தில் சுடுவதாகப் படமும் உண்டு. உள்ளே ஆசனம் எங்கே, குண்டுப்பெட்டி எங்கே என்பதைக் கடைசியில் கிட் நிறுவனத்தின் வரைபடக்காரர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விர்பெல்விண்டில் விளிம்பு தடித்தால் அது பிழை. கோலியானில் எது பிழை? பிழை விடவே முடியாத இடத்தில் திறமையை எதைக்கொண்டு அளப்பது?

நிறத்திலும் இதே கதை. 1943 பெப்ரவரிக்குப் பின் ஜேர்மன் கவச வாகனங்களுக்கு அடிநிறம் அடர்மஞ்சள். அதன்மேல் பச்சையும் செங்கபிலமும். போரின் கடைசி மாதங்களில் சிவப்புப் பிரைமரே அங்கங்கே வெளியில் தெரிந்தது. உண்மையான வண்டியென்றால் புகைப்படத்தை வைத்து வாதாடலாம். இல்லாத வண்டிக்கு எதையும் அடிக்கலாம். அடிக்கிறார்கள். தொழிற்சாலை வாசலையே தாண்டாத வண்டிக்கு மூன்று வருடச் சேறு, துரு, உரிந்த பெயின்ட்! கற்பனைக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, கற்பனை என்று சொல்லிவிட்டுச் செய்தால். சொல்லாமல் மேசையில் வைக்கும்போது, தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்சி அவசரத்தில் கீறிய படங்கள் இன்னும் கொஞ்சக்காலம் கிடைத்திருந்தால் வென்றிருக்கும் ஆயுதங்களாகத் தோன்றுகின்றன. அந்த ஆட்சியின் ஆயுதத் தொழிற்சாலைகளில் அடிமைகளாய் உழைத்தவர்கள் எந்தப் பெட்டிப் படத்திலும் இல்லை.

நமக்கே உரிய ஓர் இழப்பும் இதில் இருக்கிறது: எங்கள் ஊரில் நடந்ததை நாம் செய்வதில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து ஏறத்தாழ 130 விமானங்கள் திருகோணமலைக்கு மேல் வந்தன. சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன் போர்விமானங்கள் எழுந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டன. ‘சகாயிங்’ கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே எரிந்தது. அதன் உடலைக் கடற்படை 2018இல்தான் மேலே எடுத்தது. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதமொன்றில் போய் மோதியது. முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பிரித்தானியக் கப்பல் ‘ஹேர்மிஸ்’, விமானந்தாங்கியாக இருந்தும் தளத்தில் ஒரு விமானமில்லாமல், மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

இவற்றைச் செய்யக் கிட் இல்லை என்று சொல்ல முடியாது. ஹேர்மிஸுக்கு அயோஷிமாவின் 1/700 இருக்கிறது. ஹரிகேனுக்கு எத்தனையோ. அக்காலப் பிரித்தானியப் படையின் போபர்ஸ் 40 மி.மீ. பீரங்கியை ஏ.எஃப்.வி. கிளப் 1/35 அளவில் தருகிறது. ஆனால் மணல்மூட்டைக் குழிக்குள் நிற்கும் பீரங்கிக்கு டாங்கியின் கவர்ச்சி கிடையாது. குழியை நாமே செய்ய வேண்டும். மூட்டையின் நிறம், எங்கள் மண்ணின் நிறம் எல்லாம் பார்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்க மண்ணும் இருக்கிறது, கரையும் இருக்கிறது. பிழை விட்டால் சொல்ல ஊரில் ஆளும் இருக்கும்.

இங்கே வானத்தைப் பார்த்துப் பயந்த கதை 1942ஓடு முடிந்ததும் இல்லை. 2006இல் சம்பூர்ப் பக்கம் விமானப்படை குண்டு போட்டது; 2008 ஓகஸ்டில் புலிகளின் சிறு விமானங்கள் துறைமுகக் கடற்படைத் தளத்தில் குண்டு போட்டன. அந்த ஞாபகத்தோடு பார்க்கும்போது, ஐந்து பேர் இருந்து ஓட்டிச் சுட்ட விர்பெல்விண்டைத் திறந்த கோபுரத்துக்குள் ஒருவருமில்லாமல் வைப்பது எனக்கு அரைவேலையாகவே படுகிறது. வாகனத்தின் வடிவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று காரணம் சொல்வார்கள். மனித முகத்துக்கு நிறம் தீட்டுவது கடினம் என்பதுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

காசு கொடுத்து வாங்குவதானால் விர்பெல்விண்டை வாங்கலாம், ஆட்களோடு முடிப்பதாக இருந்தால். குகெல்பிளிட்ஸை அந்த உருண்டைக் கோபுரத்தின் பொறியியலுக்காக ஒருமுறை செய்து பார்க்கலாம், சேறு வேண்டாம். கோலியானை விட மனமில்லாதவர்கள் அதன் கோபுரத்தை மரக்கோபுரமாகவே தீட்டட்டும். பிளாஸ்டிக்கில் மரத்தின் நரம்பைக் கொண்டுவர யாருக்குக் கை வரும் என்று பார்த்துவிடலாம்.