கார்டைத் தொடாத பராமரிப்பு

லினக்ஸ் கர்னலோடு வரும் ஆவணங்களில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஒன்று மிகவும் பிரசித்தம். கர்னலுக்குள் நிலையான இடைமுகம் ஏன் கிடையாது, ஏன் இருக்கக்கூடாது என்று வாதிடுவது அது. வன்பொருள் நிறுவனங்களுக்கு அதில் ஓர் உறுதிமொழியும் உண்டு. உங்கள் டிரைவரை எங்கள் மூலநிரலுக்குள் சேர்த்துவிடுங்கள், பிறகு உள்ளே எது மாறினாலும் மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார் என்பது அதன் சாரம். 2007-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனங்களுக்கு இலவசமாகவே டிரைவர் எழுதித் தருகிறோம் என்று அறிவித்தார். திறமூல உலகம் இன்றுவரை பெருமையோடு சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி இது. பழைய டிரைவர் ஒன்றைத் தூக்கிவிடலாமா என்ற பேச்சு எழுந்தால், 'கம்பைல் ஆகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று வரும் பதிலுக்கும் இதுதான் ஆதாரம்.

இந்தப் பெருமையை உரசிப் பார்க்க மல்டிபோர்ட் சீரியல் கார்டைவிட நல்ல கல் கிடைக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சைக்ளேட்ஸ் நிறுவனத்தை 2006-இல் அவோசென்ட் வாங்கியது. அவோசென்டை 2009-இல் எமர்சன் வாங்கியது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் சைக்ளேட்ஸ் கார்டின் டிரைவர் முதல் கைமாற்றத்திலேயே கைவிடப்பட்டிருக்கும். ராண்டால்ஃப் பென்ட்சன் தொடங்கிவைத்த அந்த நிரல், நிறுவனத்தின் பெயர் மறைந்த பிறகும் 2021 வரை கர்னலில் இருந்தது. சாதாரண 8250 வகைச் சில்லுகளைக் கொண்ட கார்டுகளுக்கு இந்த ஏற்பாடு இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. 1981-இன் ஐபிஎம் பிசியில் இருந்த சில்லின் வாரிசுகள் இன்றைய சர்வர்களிலும் கன்சோல் போர்ட்டாக இருக்கின்றன. அந்தப் பொது நிரலில் பிழை புகுந்தால் யாராவது ஒருவர் அன்றே கத்திவிடுவார். புதிய கார்டு ஒன்று வந்தால் பட்டியலில் அதன் அடையாள எண்ணையும் ஒன்றிரண்டு விசேஷ வழக்கங்களையும் சேர்த்தால் முடிந்தது. இந்தப் பகுதியில் குறை காண ஒன்றுமில்லை.

குறை அந்த வகைக்கு வெளியே இருக்கிறது. 115200 வேகத்தில் ஒரு போர்ட்டுக்கு நொடிக்கு 11520 எழுத்துகள் வரும். இடைச்சேமிப்பு இல்லாத சில்லு எழுத்துக்கு ஒருமுறை ப்ராசஸரைத் தட்டி எழுப்பும். எட்டு போர்ட் என்றால் நொடிக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல். தொண்ணூறுகளில் வரிசை வரிசையாக மோடம்களை அடுக்கி வைத்திருந்த இணையச் சேவை நிறுவனங்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் சொந்தச் சில்லும், சிலவற்றில் சொந்த ப்ராசஸரும் கொண்ட கார்டுகள் வந்தன: சைக்ளேட்ஸ், ஸ்டாலியன், ஸ்பெஷலிக்ஸ், டிஜி, கம்ப்யூட்டோன். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், ஒவ்வொரு டிரைவருக்கும் தனிப் பிடிவாதங்கள்.

சைக்ளோம்-ஒய் கார்டில் இருந்த சிரஸ் லாஜிக்கின் சிடி1400 சில்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சில்லுக்கு நான்கு சேனல். எந்தச் சேனலோடு பேசப்போகிறோம் என்பதை முதலில் ஒரு பதிவகத்தில் எழுதவேண்டும். அதன் பிறகு படிப்பதும் எழுதுவதும் அந்தச் சேனலுக்கே போகும். இரண்டு செயல்கள் குறுக்கிட்டு, ஒன்று தேர்ந்தெடுத்த சேனலை இன்னொன்று மாற்றிவிட்டால், முதல் போர்ட்டுக்கான கட்டளை பக்கத்து போர்ட்டில் போய் விழும். இதைத் தடுக்கப் பழைய டிரைவர்கள் இன்டரப்ட்களை மொத்தமாக அணைத்துவிட்டு வேலை பார்த்தன. கர்னலின் 2.5 வரிசையில், பல ப்ராசஸர்களையும் சேர்த்து முடக்கும் அந்தப் பழைய வசதி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு டிரைவரிலும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் போட்டாக வேண்டும் என்றானது. லாக்கை இரண்டு வரி முன்னதாக விடுவித்துவிட்டாலும் நிரல் கம்பைல் ஆகும், எச்சரிக்கை ஒன்றும் வராது. கார்டில் இரண்டு மோடம்கள் ஒரே சமயத்தில் பரபரப்பாக இருக்கும் ஒரு நாளில்தான் குட்டு வெளிப்படும்.

அந்த நாள் வருவதற்கு முதலில் கார்டு வேண்டும்.

2.5-க்குப் பிறகு மாற்றங்கள் அலை அலையாக வந்தன. 2008 முதல் கர்னல் நிரலாளர் ஆலன் காக்ஸ், முனையங்களையும் சீரியல் போர்ட்டுகளையும் கையாளும் டிடிஒய் அடுக்கையே உலுக்கிச் சீரமைத்தார். செய்தே ஆகவேண்டிய வேலை, அதைச் செய்யும் துணிவு வேறு யாருக்கும் இருக்கவில்லை. 2017-இல் டைமர் இடைமுகம் மாறியது. 2022, 2023-இல் செயல்கூறுகளின் அளவுருக்களும் எழுத்து வகைகளும் மாறின. ஜிரி ஸ்லாபி போன்றவர்கள் அவற்றைக் கோப்பு கோப்பாக உட்கார்ந்து செய்தார்கள். ஒவ்வொரு அலையிலும், அப்போது கர்னலில் இருந்த கார்டு டிரைவர்கள் எல்லாம் 'திருத்தப்பட்டன'. திருத்தத்தின் குறிப்பில் 'கம்பைல் மட்டும் செய்து பார்த்தது' என்று நேர்மையாக எழுதிவைக்கிறவர்கள் உண்டு. 2013-இல் இதற்கென்றே ஒரு தேர்வும் கர்னலில் சேர்க்கப்பட்டது: தன் கணினியில் ஓடவே முடியாத டிரைவரையும் கம்பைல் செய்து பார்க்க உதவும் தேர்வு. பயனுள்ளதுதான். ஆனால் அது எதை அளக்கிறது? இலக்கணப் பிழை இல்லை என்பதை. போர்ட்டிலிருந்து எழுத்து வெளியே போகிறதா என்பதை அல்ல.

பயனர் இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே அடுக்கிலேயே சான்று இருக்கிறது. 2009 கோடையில் ஆலன் காக்ஸ் போலி முனையப் பகுதியில் செய்த மாற்றத்தால் ஈமாக்ஸும் கேடிஇ-யின் கேடிஇசுவும் தடுமாறின. உடனே புகார்கள் வந்தன. லைனஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகப் பேசினார், ஜூலை இறுதியில் காக்ஸ் டிடிஒய் பொறுப்பையே உதறினார். அசிங்கமான சம்பவம். ஆனால் பிழை பதிப்பு வெளியாகும் முன்பே பிடிபட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். அதே அளவு பிழை ஒன்று இன்னொரு பழைய மல்டிபோர்ட் கார்டான ரிஸ்காம்/8-இன் டிரைவரில் புகுந்திருந்தால் யார் புகார் கொடுத்திருப்பார்கள்? புகார் வரவில்லை என்பதையே டிரைவர் நலமாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். ஆளில்லாத வீட்டுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்துவிட்டு, குடியிருப்பவர்கள் யாரும் குறை சொல்லவில்லை என்கிற கதை.

உறுதிமொழி எந்த இடத்தில் முறிகிறது என்பதை 2011 காட்டிக்கொடுத்தது. கர்னல் முழுவதற்கும் பொதுவாக இருந்த 'பெரிய பூட்டு' (பிக் கர்னல் லாக்) அந்த ஆண்டு முழுதாக அகற்றப்பட்டது. ஸ்டாலியன், ஸ்பெஷலிக்ஸ், ரிஸ்காம்/8, டிஜியின் ஈபிசிஏ, கம்ப்யூட்டோனின் ஐபி2 ஆகியவை அதையொட்டி 'ஸ்டேஜிங்' என்ற ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளப்பட்டு, பின்னர் அங்கிருந்தும் போயின. 'மாற்றுகிறவரே திருத்தித் தருவார்' என்ற வாக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. காரணம் எளிது. பெயரை மாற்றுவது, அளவுருவைச் சேர்ப்பது போன்ற இயந்திர வேலைகளுக்குத்தான் அந்த வாக்கு பொருந்தும். கார்டு எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு தேவைப்பட்ட முதல் தருணத்திலேயே கைவிரித்துவிட்டார்கள். அப்படியானால் அதற்கு முன்பு பல ஆண்டுகள் அந்த டிரைவர்களுக்கு நடந்ததைப் பராமரிப்பு என்று எந்த அர்த்தத்தில் சொன்னார்கள்?

சும்மா கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற வாதமும் நிற்காது. மைக்ரோகேட்டின் சின்க்லிங்க் கார்டுகளுக்காக எழுதப்பட்ட என்_எச்டிஎல்சி என்ற நிரல்பகுதியில் 2009 ஜூனில் ஒரு பிழை புகுந்தது. 2017-இல் அலெக்சாண்டர் போபோவ் அதைக் கண்டுபிடித்தார். கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள்! அந்தக் கார்டை வைத்திருப்பவர் அபூர்வம். ஆனால் பிழையைப் பயன்படுத்தக் கார்டே தேவைப்படவில்லை. பல விநியோகங்கள் அந்த நிரல்பகுதியைத் தனித் தொகுதியாகச் சேர்த்து அனுப்பியிருந்தன. சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு போலி முனையத்தைத் திறந்து கேட்டாலே கர்னல் அதைத் தானாக ஏற்றிக்கொள்ளும். அங்கிருந்து நிர்வாகி அதிகாரம் வரை போக முடிந்தது. கார்டைக் கண்ணாலும் பார்த்திராத கணினிகள் கார்டுக்கான நிரலால் ஆபத்தில் இருந்தன. இப்படித் தானாக ஏற்றுவதைத் தடுக்க ஒரு தனி அமைப்பு 2019-இல்தான் வந்தது.

இதே சிக்கலை ஃப்ரீபிஎஸ்டி எதிர்கொண்ட விதம் வேறு. 2008 ஆகஸ்டில் எட் ஸ்கௌட்டன் புதிய டிடிஒய் அடுக்கைச் சேர்த்தபோது, புது முறைக்கு மாற்றப்படாத டிரைவர்களின் பெயர்கள் மேம்படுத்தல் குறிப்பில் வெளிப்படையாக வந்தன: சைக்ளேட்ஸின் சிஒய், டிஜி, ரிஸ்காமின் ஆர்சி, ராக்கெட்போர்ட்டின் ஆர்பி, ஏன், பழைய சீரியல் டிரைவரான எஸ்ஐஓவும்கூட. இவற்றைக் கர்னல் அமைப்பில் சேர்த்தால் கம்பைல் தோற்கும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. முரட்டுத்தனம் என்று அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் கார்டு வைத்திருந்தவருக்கு உண்மை தெரிந்தது: வேண்டுமென்றால் முன்வந்து மாற்றித் தரவேண்டும், இல்லையென்றால் பழைய பதிப்பிலேயே நிற்கவேண்டும். அந்தப் பட்டியலில் இருந்த சில பின்னர் திரும்பியும் வந்தன. கம்பைல் ஆகாத டிரைவர் பொய் சொல்வதில்லை. கம்பைல் மட்டும் ஆகிற டிரைவர் சொல்கிறது.

சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களிடம் இருபது வகைக் கார்டுகளை வாங்கி அடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். எமுலேட்டரில் சோதிக்கலாமே என்றால், பிசிக்கான சீரியல் கார்டுகளில் க்யூஎமு தருவது பெரும்பாலும் 16550 வகையே. அது ஏற்கெனவே நன்றாக ஓடுகிற இடம். ஆனால் இங்கே யாரும் கார்டு வாங்கச் சொல்லவில்லை. பொறுப்பாளர் பட்டியலில் 'பராமரிக்கப்படுகிறது', 'அவ்வப்போது திருத்தம்', 'அனாதை' என்று நிலைகளைக் குறிக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் ஆளைப் பற்றிய தகவல் உண்டு, வன்பொருளைப் பற்றி ஒன்றுமில்லை. 'கம்பைல் மட்டும்' என்ற ஒப்புதல் வாக்குமூலமும் திருத்தக் குறிப்புகளின் அடியாழத்தில் புதைந்து கிடக்கிறது. டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் மெனுவைப் பார்க்கும் தொழிற்சாலைக்காரருக்கு அது எட்டாது. அவர் பார்ப்பது கார்டின் பெயரும், அதற்கு ஆதரவு உண்டு என்ற உதவிக் குறிப்பும்தான்.

அந்த உதவிக் குறிப்பில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: உண்மையான கார்டில் இந்த டிரைவர் கடைசியாக ஓடிப் பார்த்த கர்னல் பதிப்பு எது. பாதிக்கு மேற்பட்ட டிரைவர்களுக்கு அந்த இடம் காலியாகத்தான் இருக்கும் என்று ஆட்சேபம் வரும். இருக்கட்டுமே. பழைய எட்டு போர்ட் கார்டில் எடைமேடையையும் பில் மெஷினையும் மாட்டி வைத்திருப்பவர், அந்தக் காலியிடத்தைப் பார்த்துவிட்டுக் கர்னலை மேம்படுத்தாமல் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது 16550 வகைச் சில்லுள்ள கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வரலாம்.