‘வேணும்’ என்னும் சொல்லும் விசுவாசமும்: சவேரியாரின் தமிழ் மன்றாட்டுகள்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலையில் அமைந்துள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டிற்கென எழுந்ததாகும். அவ்வழியே நாளும் சென்றுவரும் தமிழாசிரியர்கள்கூடச் சவேரியாரைத் தமிழ் உரைநடை வரலாற்றோடு இயைத்து எண்ணுவது அரிது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நம் வகுப்பறைகளில் ஓர் ஆண்டுக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது என்கிறோம். பதினாறு பக்கம் என்கிறோம். அஃது ஒரு மன்றாட்டு நூல் என்பதை மறந்துவிடுகிறோம். அம்மன்றாட்டுகள் யாருடைய நாவில், யாருடைய படுக்கையருகே ஒலித்தன என்பதே திறனாய்வாளர் முதலில் கேட்க வேண்டிய வினா என்பது நம் கருத்து.

1542ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறையை அடைந்த சவேரியார் தமிழறியாதவர். இருமொழி அறிந்தோர் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். மணியொலித்துத் தெருக்களில் சிறுவரைக் கூட்டி அவற்றைப் பயிற்றுவித்தார். தம் தோழர் மான்சிலாசுக்கு 1544இல் எழுதிய மடலொன்றில் அவர் ஒரு பிழையைச் சுட்டுகிறார். விசுவாச அறிக்கையில் ‘விசுவாசம்’ என வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று சொல்லப்பட்டு வந்ததே அப்பிழை. மொழிபெயர்ப்பு வரலாற்றில் இத்தகைய தடுமாற்றங்கள் பலவுண்டு. ஆயினும் இதனைச் சிறுபிழையெனத் தள்ளுவதற்கில்லை. ‘நம்புகிறேன்’ என்பது ‘எனக்கு வேண்டும்’ என மாறியதும், இறைவனை ஏற்றுக்கொள்ளும் கூற்று இறைவனிடம் கேட்கும் கூற்றாகிவிடுகிறது. வேண்டுதலைப் பழிப்பது நம் நோக்கமன்று. தமிழ்ப் பக்தி மரபில் அதற்குச் சிறப்பிடம் உண்டு. ஆனால் கேட்பவர் தம் தேவையைக் காண்கிறார்; ஏற்பவருக்கே எதிரில் இருப்பவரைக் காணும் வாய்ப்பு அமைகிறது.

இவ்வேறுபாட்டை விளக்கும் நிகழ்ச்சி சவேரியாரின் 1544 சனவரி மடலிலேயே உள்ளது. நோயுற்றோர் பலர் ஒரே வேளையில் அழைத்தமையால் எல்லா இல்லங்களுக்கும் அவரால் செல்ல இயலவில்லை. மன்றாட்டுகளை மனனம் செய்திருந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகில் விசுவாச அறிக்கையை ஓதினர். அங்கே மன்றாட்டே தொண்டாயிற்று. அதே மடல் அச்சிறுவர்கள் உருவச்சிலைகளை உடைத்ததையும் மகிழ்ச்சியோடு கூறுகிறது. பிற சமயத்தாரோடு கலந்து வாழும் நமக்கு இப்பகுதி கசப்பானது; அதனை மறைத்துவிட்டு முற்பகுதியை மட்டும் பாராட்டுதல் நேர்மையான திறனாய்வாகாது.

1545இல் மலாக்காவுக்கு வந்தபோது சவேரியார் மருத்துவமனையில் தங்கி ஏழை நோயாளிகளின் பாவ அறிக்கைகளைக் கேட்டார். மன்றாட்டுகளை மலாய் மொழியிலும் பெயர்த்தார். நோயாளியின் கட்டிலும் மொழிபெயர்ப்புத் தாளும் இங்கு மீண்டும் ஒன்றையொன்று அடுத்தே இருக்கின்றன.

இவ்விடத்தில் திருமூலரை ஒப்பிடுவது நம்மவர் வழக்கம். நடமாடும் கோயிலுக்கு ஈவது திருக்கோயில் இறைவனையும் சென்றடையும் என்னும் அவர்தம் கருத்து கிறித்துவ அறநெறிக்கு நெருக்கமானதே. ஆயினும் அந்நடமாடும் கோயில் சிவனடியாரா, மனிதர் யாவருமா என்பதில் உரைகாரர் ஒத்த கருத்தினர் அல்லர். மத்தேயு நற்செய்தியோ பசித்தவர், நோயாளி, சிறைப்பட்டவர் எனத் தேவையால் மட்டுமே மனிதரை அடையாளம் காண்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்லிக் கடந்துவிட்டால், இரண்டும் தத்தம் கூர்மையை இழக்கின்றன. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்ப் பந்தல்களில் மோர் வழங்குவோரும், நோன்பு மாதத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் கஞ்சி வழங்குவோரும் பெறுபவரின் சமயத்தைக் கேட்பதில்லை. உரைகாரர் விட்டுச்சென்ற ஐயம் அவர்களுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

சவேரியாருக்குப்பின் தமிழை முறையாகக் கற்ற அண்டிரிக் அடிகளார், இறைவனைக் குறிக்கச் சைவர்க்கும் பழகிய ‘தம்பிரான்’ என்னும் சொல்லையே நூலின் தலைப்பில் அமைத்தார். சிலையுடைப்பைப் போற்றிய மடல் எழுதப்பட்டு முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப்பின் அச்சொல் அச்சேறியது.