கடன்பட்டவர் யார்?

கிசெல்லா பெர்லின் தன்வரலாற்றை வகுப்பில் அறிமுகப்படுத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அவங்க செஞ்சது பாவமில்லையா மேடம்?” பக்கத்திலிருந்தவள் உடனே, “பாவமா? அவங்க தெய்வம்டி” என்றாள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெர்ல் யூதப் பெண். சிகெட் நகரின் மகப்பேறு மருத்துவர். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கர்ப்பிணிகளைப் பற்றித் தெரிவித்தால் அவர்களை நல்ல உணவு கிடைக்கும் வேறு முகாமுக்கு அனுப்புவதாக மெங்கலே சொன்னான். நம்பிப் போன பெண்கள் கொல்லப்படுவதைப் பெர்ல் நேரில் பார்த்தார். அதன்பிறகு இரவுகளில், அழுக்குப் பலகைகளின்மேல், கருவியோ மயக்க மருந்தோ இல்லாமல் வெறும் கைகளால் கருக்கலைப்புச் செய்தார். கர்ப்பம் வெளியே தெரிந்தால் தாயும் சேர்ந்தே சாவாள். தாயா சேயா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஓர் உயிராவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

1948இல் வெளிவந்த நூலின் தலைப்பு ‘ஆஷ்விட்ஸில் நான் மருத்துவராக இருந்தேன்’. கைதி என்றோ தாய் என்றோ அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை; தொழிலைச் சொல்கிறார். அந்த இறந்தகாலமும் கவனத்துக்குரியது. கணவரும் மகனும் இறந்ததை அறிந்து தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் அவர். நியூயார்க் வந்த பிறகும் உடனே மருத்துவத்துக்குத் திரும்ப முடியவில்லை. நாஜி மருத்துவர்களுக்கு உதவினாரா என்று அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அவரையே விசாரித்தார்கள். வதைத்தவர்களில் பலர் தப்பித்துவிட, கேள்வி காப்பாற்றியவளிடம் வந்து நின்றது. 2003இல் வந்த திரைப்படம் இந்த விசாரணையைச் சட்டகமாக வைத்தே அவர் கதையைச் சொல்கிறது. பார்வையாளரும் அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறோம்.

1951இல் குடியுரிமை கிடைத்தது. பின்னர் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பணியாற்றி, சுமார் 3000 பிரசவங்கள் பார்த்தார் என்பார்கள். இந்த எண்ணிக்கையைப் பரிகாரமாகக் காட்டுவது வழக்கம்: கலைத்ததற்கு ஈடாகப் பிறப்பித்தார் என்று. இந்தக் கூட்டல் கழித்தல்தான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் குழந்தைகளுக்காக அவர் துயரப்பட்டார், நூலிலேயே அதை எழுதியும் இருக்கிறார். ஆனால் துயரம் குற்ற ஒப்புதல் ஆகாது.

பெர்ல் பின்னாளில் சொன்னதைக் கேளுங்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னும் கடவுளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு ஓர் உயிர் தரவேண்டியிருக்கிறது, கொடு என்றுதான் கேட்டார். அவர் கணக்கில் கடன்பட்டவர் கடவுள்.

அடுத்த வகுப்பில் அந்த இரு மாணவிகளிடமும் இதைத்தான் சொன்னேன். பாவியாக்கினாலும் தெய்வமாக்கினாலும் நாம் பெர்லைத்தான் கூண்டில் நிறுத்துகிறோம். அவரோ கேள்வியை வேறு பக்கம் திருப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு பிரசவ அறைக்குள் போனார்.