திரையில் தெரியும் அலகை

"பேய்ப் படம் பார்ப்பது பாவமா, ஃபாதர்?"

எங்கள் பங்கின் இளையோர் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டே, "இரவில் தனியாகப் பார்க்காதே, தூக்கம் கெடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டேன். பங்கு இல்லத்திற்குத் திரும்பிய பிறகு அந்த விடை என்னை உறுத்தியது. நாம் ஆலயத்தில் வணங்கிக் கையாளும் சிலுவையையும் புனித நீரையும் நற்கருணையையும் ஒரு கலை வடிவம் எடுத்துத் தன் போக்கில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அதைக் குறித்து ஒரு குருவுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? அவளுக்குக் கடன்பட்ட விடையைக் காலந்தாழ்த்தியேனும் இங்கே எழுதுகிறேன்.

திகில் படங்களை நான் வெறுப்பவன் அல்லன். கல்வியும் வசதியும் பெருகினால் தீமை தானே மறைந்துவிடும் என்று எண்ணுவோர் பலர் உள்ள உலகில், தீமையின் வேர் ஆழமானது என்று சொல்லும் துணிவு இவ்வகைப் படங்களுக்கு உண்டு. ஆனால் ஒரு படம் எவ்வளவு அச்சுறுத்துகிறது என்பது என் அளவுகோலன்று. தீமை எங்கே குடியிருப்பதாக அது காட்டுகிறது? எதனால் அத்தீமை வெல்லப்படுகிறது? இவ்விரு கேள்விகளைக் கொண்டே பழையனவும் புதியனவுமான சில படங்களை இங்கு எடைபோட்டுப் பார்க்கிறேன்.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' என்னும் ஆங்கிலப் புதினத்தை, உரிமை பெறாமலே தழுவி, ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1922-இல் 'நோஸ்ஃபராட்டு' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். படச்சுருள்களை அழித்துவிடுமாறு தீர்ப்பாயிற்று. தப்பிப் பிழைத்த சில படிகளால்தான் இன்று அப்படத்தை நாம் காண முடிகிறது. எலிகளோடும் கொள்ளைநோயோடும் கப்பலில் வந்திறங்கும் அந்த இரத்தக் காட்டேரியை வீழ்த்துவது வாளுமன்று, மந்திரமுமன்று. எல்லன் என்னும் இளம்பெண் தன்னையே அவனுக்குக் கையளித்து, சேவல் கூவும்வரை அவனைத் தன்னருகே தங்கவைக்கிறாள். விடியலின் ஒளி பட்டு அவன் மறைகிறான். அவளும் உயிர் துறக்கிறாள். நகரம் பிழைக்கிறது. மறையுரை எதுவும் நிகழ்த்தாத இப்படத்தில், பிறருக்காகத் தன்னுயிரை ஈதல் என்னும் நற்செய்தியின் நடுநரம்பு துடிக்கிறது.

இதே கதையை ராபர்ட் எக்கர்ஸ் 2024-இல் மீண்டும் எடுத்தார். அதன் தொடக்கத்தில், தனிமையில் வாடும் எல்லன் இருளை நோக்கி ஒரு துணைக்காக மன்றாடுகிறாள். அவளுக்கு விடையளிப்பது தீமை. படத்தில் உடல் வேட்கைக் காட்சிகள் மிகுதி. அதனால் அவளுடைய இறுதித் தியாகம் சற்றே கலங்கித் தெரிகிறது என்பது என் குறை. ஆயினும் அந்தத் தொடக்கம் என்னை விட்டு அகலவில்லை. யாரும் செவிகொடுக்காத ஒரு பிள்ளையின் தனிமையில் எது எது நுழையக்கூடும் என்பதைப் பெற்றோரும் பங்குத்தந்தையரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீர்கேடு வேறொரு வாயில் வழியாக வந்தது. ஸ்டோக்கரின் புதினத்திலேயே, காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை நொறுக்கி, பிசைந்த மாவோடு சேர்த்துக் கல்லறைக் கதவின் இடுக்குகளை அடைக்கிறார். உண்பதற்கென்று ஆண்டவர் தந்த உணவு அங்கே பூச்சாந்து ஆகிவிட்டது. 1958-இல் டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய இங்கிலாந்துப் படத்தில், பீட்டர் குஷிங் இரண்டு மெழுகுதிரித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்ததும் கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா நடுங்கிப் பின்வாங்குகிறான். காட்சி விறுவிறுப்பானது, நானும் ரசித்தேன். ஆனால் அங்கே செபமில்லை, நம்பிக்கையுமில்லை. குறுக்குக் கோடு ஒன்றே போதுமானதாகிவிட்டது. சிலுவை அன்பின் அடையாளமாக இருந்த நிலை மாறி ஆயுதமாக மாறுவதை அக்காட்சியில் கண்ணாரக் காணலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-இல், இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ'வை வெளியிட்டார். அதில் பேயும் இல்லை, சிலுவையும் இல்லை. 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடும் மேரியன், வழியில் தங்கிய விடுதியில் மனம் மாறுகிறாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடத் தீர்மானிக்கிறாள். அந்த முடிவின் நிம்மதியோடு குளிக்கச் செல்லும் வேளையில்தான் கத்தி அவள்மீது பாய்கிறது. பாவத்தின் தண்டனையாக அவள் கொலையை விளங்கிக்கொள்ளப் பார்வையாளருக்கு வழியில்லை. மனம் வருந்தித் திரும்பியவள் அன்றோ அவள்? இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று பின்னே வருகிறது. பிணத்தோடு காரைச் சேற்றில் அமிழ்த்துகிறான் நார்மன். பாதியிலேயே கார் அமிழாமல் நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணம் நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு, அது முழுகிவிட வேண்டுமே என்று விரும்புகிறோம்! கொலையை மறைப்பதற்கு நாம் உடந்தையாகிவிட்டோம். தீமை எங்கோ பாழடைந்த மாளிகையில் இல்லை, நாம் அமர்ந்திருக்கும் நாற்காலியில் இருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய படம் வேறொன்றை நான் அறியேன்.

இனி, எல்லாரும் எதிர்பார்க்கும் படத்திற்கு வருவோம். வில்லியம் பிளாட்டியின் புதினத்தை வில்லியம் ஃப்ரீட்கின் 1973-இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற படமாக்கினார். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், விடுமுறையொன்றில் ஒளிநாடாவில் அதை முதன்முறை பார்த்தேன். சுழலும் தலையும் பச்சை வாந்தியும்தான் அன்று மனத்தில் பதிந்தன. பல ஆண்டுகள் சென்ற பின் மீண்டும் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பொறுமையான படம் என்பது விளங்கிற்று. சிறுமி ரீகனை முதலில் மருத்துவர்களே சோதிக்கிறார்கள். ஊசியும் ஊடுகதிர்ப் படமுமாக நீளும் அச்சோதனைகள் பேயாட்டத்தைவிட நம்மை வருத்துகின்றன. மனநல மருத்துவம் படித்த இயேசு சபைக் குரு கராஸ், பேயோட்டுமாறு தாய் மன்றாடும்போது உடனே இசைவதில்லை. நோயாக இருக்குமோ என்றே முதலில் ஐயுறுகிறார்.

அந்தக் கராஸ் நம்பிக்கை தளர்ந்தவர். தனிமையில் இறந்த தம் தாயைக் கைவிட்டோமே என்ற குற்றவுணர்வில் வெந்துகொண்டிருப்பவர். அலகை குறிவைப்பது சிறுமியை மட்டுமன்று. நாம் இழிந்தவர்கள், கடவுள் அன்புசெய்யத் தகாதவர்கள் என்று சுற்றி நிற்பவர்களை நம்பவைப்பதே அதன் நோக்கம் என்று முதிய குரு மெர்ரின் விளக்கும் பகுதி, முதலில் நீக்கப்பட்டு 2000-இல் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்டது. என் பார்வையில் படத்தின் இதயமே அதுதான். இறுதியில் கராஸ் தீய ஆவியைத் தம்மீது ஏற்றுக்கொண்டு, சிறுமியைக் காக்கச் சன்னல் வழியே பாய்ந்து, 75 கற்படிகளில் உருண்டு விழுகிறார். நண்பரான குரு ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு பாவமன்னிப்பு வழங்குகிறார். அந்நண்பராக நடித்த வில்லியம் ஓமாலி உண்மையிலேயே இயேசு சபைக் குரு. சாத்தானே வென்றதாகப் பலர் பொருள்கொண்டனர். அது தம் கருத்தன்று என்று பிளாட்டி விளக்க வேண்டியதாயிற்று. படத்தின் கடைசி வெற்றி புனித நீரால் வந்ததன்று. குற்றவுணர்வில் உழன்ற ஒரு மனிதனின் கையை மன்னிப்பு பற்றிக்கொண்டதால் வந்தது.

அண்மைக்காலப் படங்கள் இப்படத்தின் ஆடையை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டன. ஜேம்ஸ் வானின் 'தி கான்ஜூரிங்' (2013) திறமையாக எடுக்கப்பட்ட படம். கடற்கரையில் பிள்ளைகளோடு கழித்த ஒரு நாளின் நினைவு தாயை மீட்பதாகக் காட்டும் இடம் அழகானது. ஆனால் அதில் பொதுநிலையினர் ஒருவர், திருச்சபையின் அனுமதிக்குக் காத்திராமல், தாமே பேயோட்டும் சடங்கை நிறைவேற்றுகிறார். ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவுக்கே அது உரியது என்பது திருச்சபைச் சட்டம் 1172. இயேசுவின் பெயரை மந்திரமாகப் பயன்படுத்தப் புகுந்த ஸ்கேவாவின் மக்கள் எழுவர் அடிபட்டு ஓடிய நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்தில் காண்க. 'தி நன்' (2018) படத்திலோ, ஆண்டவரின் திரு இரத்தத்தை வாயில் வைத்திருந்து அலகையின் முகத்தில் உமிழ்கிறாள் ஓர் இளம் துறவி. வான் ஹெல்சிங்கின் பூச்சாந்து அறுபது ஆண்டுப் பேய்ப்படங்களைக் கடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

'தி போப்ஸ் எக்ஸார்சிஸ்ட்' (2023) இன்னும் ஒரு படி கீழிறங்குகிறது. ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றத்தின் கொடுமைகளுக்கெல்லாம், ஒரு துறவியைப் பிடித்த பேயே காரணம் என்கிறது அப்படம். எவ்வளவு வசதியான விளக்கம்! அக்கொடுமைகளைச் செய்தவர்கள் செபித்துவிட்டு உறங்கச் சென்ற மனிதர்கள். 2000-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் இழைத்த தவறுகளுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார், அலகையின்மீது பழிபோடவில்லை. தீமையை முழுவதும் அலகையிடம் ஒப்படைத்துவிடும் கதை, நாம் மனம் வருந்துவதற்கு இடமே வைப்பதில்லை.

"வெறும் சினிமாதானே" என்று சிலர் சொல்லக்கூடும். 1976-இல் ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் என்ற ஊரில், வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த 23 வயது மாணவி ஒருத்தி, பல மாதங்கள் நடந்த பேயோட்டும் சடங்குகளுக்குப் பின் உணவின்றி மெலிந்து இறந்தாள். பெற்றோரும் இரு குருக்களும் 1978-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இந்நிகழ்ச்சியிலிருந்து இரு படங்கள் பிறந்தன. 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' (2005) கதையை அமெரிக்காவுக்கு மாற்றி, நீதிமன்ற வாதங்களுக்கு நடுவே பேயையும் காட்டுகிறது. ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்மிட்டின் 'ரெக்வியம்' (2006) எதையும் காட்டுவதில்லை. வீட்டுக்கும் கல்லூரிக்கும், நோய்க்கும் பக்திக்கும் நடுவே நசுங்கும் ஒரு பெண்ணை மட்டுமே அது காட்டுகிறது. அவளாக நடித்த சாண்ட்ரா ஹ்யூல்லர் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். பேயே தென்படாத இந்தப் படந்தான் என்னை மிகவும் அச்சுறுத்தியது.

அதற்குக் காரணம் உண்டு. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் ஒரு தாய் அழுதுகொண்டு வந்தார். "எம் புள்ளைய ஏதோ புடிச்சிருக்கு சாமி, வந்து செபிங்க." போனேன். மூன்று மாலைகள் புனித நீரோடும் சிலுவையோடும் செபித்தேன். தெருவே கூடி நின்றது. அம்மூன்று மாலைகளிலும் என் மனத்திரையில் ஓடியது நற்செய்தியன்று. தெருவிளக்கின் ஒளியில் கையில் பையோடு நிற்கும் மெர்ரினின் உருவம். படத்தின் முற்பாதியில் வந்த மருத்துவர்களை நான் மறந்தே போயிருந்தேன். நான்காம் நாள், மருந்தகம் நடத்திவந்த ஒரு கன்னியர் என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ளை ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததா, ஃபாதர்? விசாரித்தீர்களா?" நான் விசாரித்திருக்கவில்லை. திருமணப் பேச்சு எழுந்ததால், ஊருக்குத் தெரியக்கூடாதென்று வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம், பிழைத்துக்கொண்டாள். கிளிங்கன்பெர்க்கின் குருக்களுக்கும் எனக்கும் இடையே நின்றது என் அறிவன்று. ஒரு கன்னியரின் ஒற்றைக் கேள்வி.

பேயோட்டுமுன் அது நோயன்று என்று உறுதிசெய்ய வேண்டும், உளநோய்க்கு மருத்துவமே வழி என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 1673) தெளிவாகச் சொல்கிறது. அதைப் படித்திருந்தும் நான் படத்தின்படி நடந்தேன், மறைக்கல்வியின்படி நடக்கவில்லை. காட்சிகளுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

ஆகவே, மகளே, பேய்ப் படம் பார்ப்பது பாவமன்று. ஆனால் பார்த்து முடித்ததும் உன்னையே கேட்டுக்கொள். இப்படம் தீமையை என் உள்ளத்திலும் தேடச் சொன்னதா, அல்லது பிறர்மீது விரல் நீட்டச் செய்ததா? துன்புறும் ஒருவர்மீது இரக்கத்தை வளர்த்ததா, அல்லது அவரை வேடிக்கைப் பொருளாக்கியதா?

இன்றைய திகில் படங்கள் பல, அடுத்த பாகத்திற்கு வழிவைத்து, கடைசி நொடியில் மீண்டும் ஓர் அதிர்ச்சியோடு முடிகின்றன. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் வரும் கெரசேனர் பகுதி நிகழ்ச்சியோ வேறுவிதமாக முடிகிறது. கல்லறைகளிடையே அலறித் திரிந்தவர் ஆடையணிந்து, தெளிந்த அறிவோடு இயேசுவின் அருகில் அமர்ந்திருக்கிறார். உடன்வர விரும்பிய அவரை ஆண்டவர் அவருடைய வீட்டாரிடமே திருப்பி அனுப்புகிறார். நம் பங்கில் அத்தகைய ஒருவர் வீடு திரும்பும்போது, அச்சமின்றிக் கதவைத் திறந்து அவரை வரவேற்போர் நம்மில் எத்தனை பேர்?